கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி டிவியில் யார் பேசுகிறார்கள்?

2023 மே 27 காலையில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் நம்ம தெருக்களை நாடே பார்த்தது. யானை ஓடுகிறது, சனம் ஓடுகிறது, ஆட்டோ நசுங்குகிறது. அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் பார்த்த விவாதங்களில் கேள்விகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. கம்பத்துக்காரர்களிடம் "பயமா இருந்துச்சா?" என்று கேட்டார்கள். சென்னையிலும் கொச்சியிலும் உட்கார்ந்திருந்தவர்களிடம் "யானை ஏன் வந்தது, இனி எங்கே போகும்?" என்று கேட்டார்கள்.

இது அரிக்கொம்பனோடு முடிகிற விஷயமில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு, 2015இல் நியூட்ரினோ, 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ என்று சில வருடங்களுக்கு ஒருமுறை நம்ம பள்ளத்தாக்கு பெரிய செய்தியாகிறது. ஒவ்வொரு முறையும் அழுவதற்கும் கோபப்படுவதற்கும் நம்ம ஆட்களைக் காட்டுகிறார்கள். விளக்கம் சொல்ல வெளியூர் ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். முப்பது வருடம் மதகு பார்த்தவரின் பெயருக்குக் கீழே 'விவசாயி' என்று போடுகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு தடவை வந்து போனவரின் பெயருக்குக் கீழே 'நீரியல் நிபுணர்' என்று போடுகிறார்கள். இது எனக்கு ரொம்ப நாளாக வலிக்கிற விஷயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில வருடங்கள் நான் ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கு இந்த மாவட்டத்தில் செய்தியாளராக இருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் இந்த வலிக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று புரியும். ராத்திரி எட்டு மணி விவாதத்துக்குத் தலைப்பு பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் முடிவாகும். விருந்தினர்களைக் கூப்பிடும் பொறுப்பில் இருப்பவர் சின்ன வயசுப் பையனாகவோ பெண்ணாகவோ இருப்பார். கையில் ஒரு போன், அதில் ஏற்கெனவே பதிந்து வைத்த பெயர்கள். நாலு மணி நேரத்துக்குள் நாலு பேரைப் பிடித்தாக வேண்டும். இந்த விஷயத்தை நாட்டிலேயே அதிகம் அறிந்தவர் யார் என்று தேட அவருக்கு நேரம் இல்லை. போனை எடுப்பவர், கோர்வையாகப் பேசுபவர், போன தடவை பேசியதில் வம்பு வராதவர் யார் என்றுதான் பார்ப்பார். அந்தப் பட்டியலில் உத்தமபாளையம், சின்னமனூர் எண் ஏதும் இல்லையென்றால் அவர் சென்னை எண்ணைத்தான் அழுத்துவார்.

முன்பெல்லாம் தூரம் உண்மையிலேயே ஒரு தடை. இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். விவாதத்துக்காக யார் போய்வர முடியும்? 2020 கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வீடியோவில் பேசுவது எல்லாச் சேனலிலும் சாதாரணமாகிவிட்டது. இப்போது தூரம் ஒரு காரணமில்லை. பெயர் வெளியே தெரியாததுதான் காரணம்.

பெயர் எப்படித் தெரியவரும்? தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் வானிலைதான். எஸ்.ஆர். ரமணன் சென்னை வானிலை மையத்தின் அதிகாரியாக, 2016 மார்ச்சில் ஓய்வுபெறும்வரை, மழைக்காலம் தோறும் திரையில் வந்தார். தனக்குத் தெரிந்த அளவுக்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சொல்லமாட்டார். அந்த அடக்கமே அவருக்கு மரியாதையானது. அவருக்கு நாற்காலி இருந்தது. பிரதீப் ஜானுக்கு அதுவும் இல்லை. அவர் வானிலை ஆய்வுத் துறைக்காரரே அல்ல. தமிழ்நாடு நகர்ப்புற உட்கட்டமைப்பு நிதி நிறுவனத்தில் வேலை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போதுதான் 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயர் வீட்டுக்கு வீடு போனது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே, யாரும் கேட்காத காலத்திலும், அவர் மழைக் கணக்கைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்தபோது பழைய பதிவுகள் அவருக்காகப் பேசின. பிறகு டெல்டாவிலிருந்தும் வானிலை சொல்லும் தனிக்குரல்கள் எழுந்தன. அங்கே விவசாயிகள் நாற்று விடுவதற்கு முன் அவர்கள் சொல்வதைக் கேட்கிறார்கள். நம்ம பள்ளத்தாக்கிலிருந்து ஒரு விஷயத்தில் மாநிலம் முழுக்கத் தெரிந்த பெயர் அப்படி எழவேண்டும் என்பதுதான் என் ஆசை.

முல்லைப் பெரியாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய பாடம் நமக்கு வேறு கிடையாது.

1886 அக்டோபர் 29இல் 999 வருடக் குத்தகை ஒப்பந்தம். 1895இல் அணை முடிந்தது. 1979இல் பாதுகாப்புப் பயம் கிளம்பி நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. பிறகு பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006 பிப்ரவரி 27இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்தது. கேரளா உடனே சட்டத் திருத்தம் கொண்டுவந்து அதைத் தடுத்தது. 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. அந்த நவம்பரிலேயே 35 வருடங்களுக்குப் பிறகு நீர் 142 அடியைத் தொட்டது. இதெல்லாம் நம்ம ஊர் டீக்கடையில் சின்னப் பையனும் சொல்வான். ஆனால் ஸ்டுடியோவில் வரும் அடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் ஆள் வேண்டும். 104 அடிக்குக் கீழே போனால் நமக்குத் தண்ணீர் வராது என்பதைக் கேரளத்துப் பார்வையாளருக்கு எப்படி விளக்குவது? கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் 14,707 ஏக்கர் என்பதையும், அதைத் தாண்டி மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை இந்தத் தண்ணீரை எதிர்பார்த்திருப்பதையும், முப்பது விநாடிக்குள் எப்படிச் சொல்வது?

2011இல் இந்த வேலையைச் சிறப்பாகச் செய்தவர்கள் பொதுப்பணித்துறையின் ஓய்வுபெற்ற பொறியாளர்கள். மூத்த பொறியாளர் சங்கத்தார் ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள். அணைக்கு மேல் போட்ட கான்கிரீட் தொப்பி, உள்ளே இறக்கிக் கட்டிய இரும்புக் கம்பிகள், பின்புறம் கொடுத்த கான்கிரீட் முட்டு எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டினார்கள். மேடைப் பேச்சு நூறு செய்யாததை அந்தப் படம் செய்தது. ஏனென்றால் அந்த வேலையை நேரில் பார்த்தவர்கள் அதில் பேசினார்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியர் ஊடகத்தில் பேச நடத்தை விதிகள் கட்டுப்பாடு வைக்கின்றன. ஓய்வுபெற்றவருக்கு அந்தக் கட்டு இல்லை. நம்ம மாவட்டத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள், வேளாண் அலுவலர்கள், வனத்துறையினர், ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! காலையில் நடந்துவிட்டு வந்து பேப்பர் படித்து, "இதெல்லாம் தப்பா போட்டிருக்கான்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தத் திருத்தம் வீட்டுக்கு வெளியே வரவேண்டாமா?

இன்னொரு பெயரை அழுத்திச் சொல்ல வேண்டும். 2010இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் உயர்மட்டக் குழு அமைத்தது. கேரளத்தின் சார்பில் நீதிபதி கே.டி. தாமஸ், தமிழ்நாட்டின் சார்பில் நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன், கூடவே தொழில்நுட்ப உறுப்பினர் இருவர். 2012இல் அறிக்கை வந்தது. அணை பாதுகாப்பாக இருக்கிறது என்றது. கே.டி. தாமஸ் அந்த முடிவோடு நின்றார். சொந்த மாநிலத்தில் அவருக்கு விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. மாநிலத்தின் சார்பில் போனவர் மாநிலத்துக்கு எதிராகப் பேசலாமா என்று கேட்டார்கள். தன்னைச் சாட்சியங்கள் எங்கே கொண்டுபோய் நிறுத்தினவோ அங்கேயே அவர் நின்றார்.

நாம் அவரைக் கொண்டாடினோம். சரி. நம்ம ஊரிலிருந்து ஒருவர் நமக்குக் கசப்பான உண்மையைச் சொன்னால் தாங்குவோமா? முல்லையாற்றில் நம்ம ஊர்ச் சாக்கடைகளே கலக்கின்றன என்று ஒருவர் அளந்து சொல்லட்டும். திராட்சைக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறோம் என்று இன்னொருவர் சொல்லட்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோருக்கும் பெருமை. அந்தப் பெருமையைக் காப்பாற்றவாவது இந்தப் பேச்சு வேண்டும். தன் பக்கத்துக்கு வலிக்கிறதையும் சொல்பவரைத்தான் எதிர்ப்பக்கம் நம்பும். கே.டி. தாமஸ் சொன்னதற்கு இருந்த எடை, நம்ம தலைவர்கள் ஆயிரம் தடவை சொன்னதற்கு ஏன் இல்லை என்று யோசித்துப் பாருங்கள்.

நியூட்ரினோ விவகாரம் இதற்கு நேர் எதிரான பாடம். தேவாரம் பக்கம் பொட்டிபுரத்தில், அம்பரப்பர் மலைக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவி வைக்கும் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. நியூட்ரினோ ஒவ்வொரு விநாடியும் நம் உடம்பைக் கோடிக்கணக்கில் கடந்து போகிறது, அந்தக் கருவி எதையும் வெளியே விடாது, வருவதைப் பதிவுசெய்யும், அவ்வளவுதான். இதைத் தமிழில் பொறுமையாக விளக்கிய விஞ்ஞானிகள் இருந்தார்கள். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இந்துமதி அப்படிப்பட்டவர். ஆனால் அந்தக் குரல் பொட்டிபுரத்துக்கு வந்து சேர்வதற்குள் கதிர்வீச்சு என்ற பயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. மலை அடிவாரத்து மனிதர்கள் கேட்டவை எளிய கேள்விகள். வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும், ஆடு மேய்க்க மலைக்குப் போகலாமா, வெட்டிய கல்லை எங்கே கொட்டுவீர்கள் என்பவைதான். அதற்கு முதல் நாளிலிருந்தே உள்ளூர்த் தமிழில் பதில் சொல்ல இந்த மாவட்டத்து இயற்பியல் ஆசிரியர் பத்து பேர் தயாராக இருந்திருந்தால் விவாதத்தின் தரமே வேறாக இருந்திருக்கும். திட்டத்தை ஆதரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சரியான கேள்வியில் சண்டை நடந்திருக்கும் என்கிறேன்.

அந்தச் சரியான கேள்வி எது என்பது 2017 மார்ச்சில் தெரிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. அங்கே நின்ற வாதம் கதிர்வீச்சு அல்ல. இடுக்கியில் இருக்கும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வருகிறது என்ற தூரக் கணக்கு நின்றது. வழக்குப் போட்ட 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பினர் விதியையும் வரைபடத்தையும் வைத்துப் பேசினார்கள். டிவியில் ராத்திரி தோறும் எதிரொலித்த பயங்களால் ஆகாதது, ஒரு விதியைப் படித்து வைத்திருந்ததால் ஆனது. திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும், கருத்து சொல்ல விரும்புபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆய்வு ஒன்றும் இங்கே பொருந்தும். அமெரிக்காவில் பிலிப் டெட்லாக் என்பவர் 284 நிபுணர்களின் கணிப்புகளை ஏறக்குறைய இருபது வருடம் சேகரித்து, எவை பலித்தன என்று சரிபார்த்து 2005இல் புத்தகமாக வெளியிட்டார். ஊடகத்தில் அதிகம் புகழ்பெற்றவர்களின் கணிப்புகள், புகழ் குறைந்தவர்களின் கணிப்புகளைவிட மோசமாகவே இருந்தன. அடித்துப் பேசுபவரை டிவிக்குப் பிடிக்கும். நாலு பக்கமும் பார்த்துப் பேசுபவர்தான் அதிகம் சரியாகச் சொல்வார். ஆகவே அடிக்கடி கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்து உங்கள் மதிப்பை அளக்காதீர்கள்.

இனி, இதில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் பார்த்த அளவில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பிடியுங்கள். அணை என்றால் அணை, ஏலக்காய் என்றால் ஏலக்காய், யானை என்றால் யானை. எல்லாவற்றுக்கும் பேசுபவரைச் சேனலுக்குப் பிடிக்கும், ஊருக்குப் பிடிக்காது. பிடித்ததை நாள்தோறும் எழுதி வையுங்கள். அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு எல்லாம் தினமும் வெளிவருகின்றன. அதோடு உங்கள் வாய்க்காலில் என்ன வந்தது, எந்த மடையில் எட்டவில்லை என்று ஒரு வரி சேர்த்து முகநூலில் போடுங்கள். முதல் வருடம் இருபது பேர் படிப்பார்கள். பரவாயில்லை. மூன்றாம் வருடம் ஒரு நிருபர் உங்களிடம் பழைய கணக்கு கேட்பார்.

எதிர்வாதத்தை அவர்களைவிட நன்றாகத் தெரிந்து வையுங்கள். 2021 ஜனவரியில் ஐ.நா. பல்கலைக்கழகம் உலகின் வயதான அணைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் முல்லைப் பெரியாறும் ஒரு உதாரணம். அணைக்கு நேரில் வந்து சோதித்து எழுதியதல்ல, ஏற்கெனவே வெளிவந்தவற்றைத் தொகுத்து எழுதியது. ஆனால் ஐ.நா.வே சொல்லிவிட்டது என்று பிரச்சாரம் நடந்தது. அறிக்கையைப் படித்தவர் ஒருவர் இருந்தால் இரண்டு நிமிடத்தில் நிலைமையைத் தெளிவாக்கிவிடலாம்.

நமக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு பலமும் உண்டு. அது மலையாளம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தினம் போய்வருகிறோம். தோட்டம் வைத்திருப்பவர், வேலைக்குப் போகிறவர், லாரி ஓட்டுபவர் என்று எத்தனையோ பேருக்கு மலையாளம் சரளம். மலையாளச் சேனலில் மலையாளத்திலேயே, மரியாதையாக, நம்ம பக்கக் கணக்கைச் சொல்லும் ஒருவர் நூறு போராட்டத்துக்குச் சமம். 2011 டிசம்பரில் பேச்சு சூடானபோது அடி வாங்கியவர்கள் யார்? இங்கே கடை வைத்திருந்த மலையாளிகளும், அங்கே தோட்டத்தில் இருந்த நம்ம கூலித் தொழிலாளிகளும்தான். ஸ்டுடியோவில் வீசும் ஒரு சொல் எல்லையில் ஒரு ஜீப்பின் மேல் கல்லாக விழும். இதை மறக்கிறவர் மைக்கைத் தொடவே கூடாது.

ஏலக்காய் விலை பற்றிப் பேசுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது போடியில் யாரைக் கேட்டாலும் ஒரு கணிப்பு இருந்தது. கையில் சரக்கு வைத்திருப்பவர் "இன்னும் ஏறும்" என்று சொல்வதற்கும், வைத்திருக்காதவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. "எனக்கு வண்டன்மேட்டில் தோட்டம் இருக்கு, அதையும் மனசுல வச்சுக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் உங்கள் பெயர் அன்றோடு போயிற்று.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நேரலையில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். "அதை என்னால் சொல்ல முடியாது, வனத்துறையில் இன்ன அதிகாரிதான் சொல்ல முடியும்" என்றால் நிருபர் உங்களை விடமாட்டார், மறுபடி கூப்பிடுவார். அவருக்கும் தவறான செய்தி போட்டு மாட்டிக்கொள்ளப் பயம் உண்டு. மாவட்ட நிருபர்கள் பெரும்பாலும் குறைந்த வருமானத்தில், பைக்கில் அலைந்து வேலை பார்ப்பவர்கள். அவர்கள் போனை எடுங்கள். ஒரு பக்கத்தில் விவரம் எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயர் வராவிட்டாலும் கோபிக்காதீர்கள். சேனல் பட்டியலுக்கு வழி அவர்கள் வழியாகத்தான்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும் பெண்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஜீப் கவிழ்ந்தால் மட்டும் அவர்கள் செய்தி. எந்த மாசம் எந்தக் காட்டில் எவ்வளவு காய் வரும், மருந்து அடித்த எத்தனாம் நாள் உள்ளே இறங்கச் சொல்கிறார்கள், கையில் ஏன் புண் வருகிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்களில் ஒருவரின் பெயருக்குக் கீழே 'ஏலத்தோட்டத் தொழில் வல்லுநர்' என்று எழுத்து வரும் நாளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு மனதார ஆசை. அதற்குப் படித்த பிள்ளைகள் கூட உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுதித் தொகுத்தால் போதும், பேச அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அரிக்கொம்பனை 2023 ஜூன் 5இல் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். கேமராக்கள் கிளம்பிவிட்டன. யானை வரும் வழிகள் இருக்கின்றன, அணை இருக்கிறது, அம்பரப்பர் மலை இருக்கிறது. அடுத்த செய்தி எந்த மாசம் வரும் என்று தெரியாது, வரும் என்பது மட்டும் நிச்சயம். உங்களுக்கு முழுசாகத் தெரிந்த ஒரு விஷயம் இருந்தால் இந்த வாரமே எழுத ஆரம்பியுங்கள். ஆறு மாசம் விடாமல் எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து, எனக்குத் தெரிந்த நிருபர்களிடம் உங்கள் பெயரை நானே சொல்கிறேன்.